சால் தப்பிய ஏர்: டெலிரியம் பற்றிச் சில குறிப்புகள்

மருத்துவமனை வார்டில் நாலு நாள் துணைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்திருப்பார்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த எண்பது வயதுத் தாத்தா, ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுந்து உட்கார்ந்து ட்ரிப்ஸ் குழாயைப் பிடுங்குகிறார். "மாட்டை அவுத்துக் கட்டணும், வழிய விடு" என்கிறார். மகனை அடையாளம் தெரியவில்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டுகிறார். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அதே தாத்தா, "நல்லா இருக்கேன் சார், எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்கிறார். ராத்திரி முழுக்கத் தூங்காத மகனின் பேச்சுதான் அந்த நேரத்தில் நம்பும்படி இல்லாமல் இருக்கும்.

சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்." "இடம் மாறினதுல தூக்கம் கெட்டுப் போச்சு." "காத்து கருப்பு ஏதாச்சும் இருக்கும், திருநீறு போட்டு விடுங்க." எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் முடிவு ஒன்றுதான்: இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, காலையில் சரியாகிவிடும்.

செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததற்கு வீட்டில் ஒரு காரணம் இருந்தது, அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. இந்த நிலையை முதலில் கண்டுபிடிக்கக்கூடிய ஆள், கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர். அது ஏன் என்பதற்கு ஒரு பொறியியல் காரணமும் இருக்கிறது.

பெயர் எங்கிருந்து வந்தது?

டெலிரியம் என்பது லத்தீன் சொல். லத்தீனில் 'லிரா' என்றால் உழவுச் சால். ஏர் சாலைவிட்டு விலகி ஓடுவதுதான் 'டெலிராரே'. கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவம் பற்றி எழுதிய ரோமானியர் செல்சஸ் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். ஏர் பிடித்தவர்களுக்கு இந்த உவமை உடனே பிடிபடும். மாடும் அதேதான், கலப்பையும் அதேதான், தடம் மட்டும் தப்பிவிட்டது. மறுபடி சாலுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதும் இந்த உவமைக்குள்ளேயே இருக்கிறது.

நம் பக்கம் இதற்கு 'சன்னி' அல்லது 'ஜன்னி' என்று பெயர். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவது சன்னிபாதம் என்று நாட்டு மருத்துவம் சொல்லும். காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதை "ஜன்னி கண்டுடுச்சு" என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஆனால் இன்று ஜன்னி என்றால் பலர் குழந்தைக்கு வரும் வலிப்பைச் சொல்கிறார்கள், சிலர் பிரசவத்துக்குப் பின் வரும் மனநோயைச் சொல்கிறார்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே டெலிரியம் என்றே எழுதுகிறேன்.

நாட்டு வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டிமார் ஜன்னியை உடம்பு நோயின் அறிகுறியாகத்தான் பார்த்தார்கள். "மூளை கெட்டுப் போச்சு" என்று முடிவு கட்டவில்லை. நவீன மருத்துவம் சொல்வதும் அதுவே.

உடம்பில் என்ன நடக்கிறது?

ஒரு சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தாங்குதிறன் ஒரு அளவு, அதன்மேல் விழும் சுமை ஒரு அளவு. சுமை தாங்குதிறனைத் தாண்டினால் சர்வர் ஒரேயடியாக அணைந்துவிடாது. சில கோரிக்கைக்குப் பதில் வரும், சிலவற்றுக்கு வராது, சிலவற்றுக்குத் தப்பான பதில் வரும். டெலிரியம் கிட்டத்தட்ட அதுதான்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பெயர் அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷாரன் இனோயி. 1996-இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வு காரணங்களை இரண்டு அடுக்காகப் பிரித்தது. முதல் அடுக்கு, ஆளிடம் ஏற்கெனவே இருக்கும் பலவீனங்கள்: ஞாபக மறதி நோய், பார்வைக் குறைவு, நோயின் கடுமை, உடலில் நீர் வற்றிப்போயிருப்பது. இரண்டாவது அடுக்கு, மருத்துவமனையில் வந்து சேரும் தூண்டுதல்கள்: கை காலைக் கட்டி வைப்பது, சத்துக் குறைவு, மூன்றுக்கு மேல் புது மருந்துகள் சேர்வது, யூரின் ட்யூப், சிகிச்சையால் வரும் பக்கவிளைவுகள்.

இரண்டாவது பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். அதில் பாதிக்கு மேல் நாமே கொண்டுவந்து வைப்பவை.

முதல் அடுக்கில் பலவீனம் அதிகமாக இருக்கிறவருக்குச் சின்னத் தூண்டுதல் போதும். 85 வயதுப் பாட்டிக்கு மலச்சிக்கலும் இரண்டு நாள் தூக்கமின்மையும் சேர்ந்தாலே டெலிரியம் வரலாம். முப்பது வயது இளைஞருக்கு வர வேண்டுமென்றால் கடுமையான தொற்று, ஐசியு என்று பெரிய அடி விழ வேண்டும். ஆக இது கிழவர்களுக்கு மட்டும் வருவது இல்லை, ஆனால் வயதானவர்களுக்குச் சுலபமாக வந்துவிடுகிறது. பொது வார்டு உள்நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இது வருவதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன.

"மனசுதான் காரணம்" என்பவர்களுக்கு ஒரு பழைய சான்று. 1959-இல் ஜார்ஜ் ஏங்கல், ஜான் ரொமானோ என்ற இரண்டு மருத்துவர்கள் டெலிரியத்தை மூளையின் செயலிழப்பு என்றே விவரித்தார்கள். இதயம் திணறினால் இதயச் செயலிழப்பு, சிறுநீரகம் திணறினால் சிறுநீரகச் செயலிழப்பு. அதே போல இது மூளைக்கு. டெலிரியம் இருக்கும்போது மூளையின் மின் அலைகளே மெதுவாகிவிடுவதை அவர்கள் பதிவு செய்து காட்டினார்கள்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

1990-இல் இனோயியும் அவர் குழுவும் ஒரு எளிய முறையை வெளியிட்டார்கள். நான்கு கேள்விகள்தான்.

1. இது திடீரென்று வந்ததா? ஒரே நாளில் ஏறி இறங்குகிறதா?
2. கவனம் ஒரு இடத்தில் நிற்கவில்லையா?
3. பேச்சும் யோசனையும் கோர்வை இல்லாமல் இருக்கிறதா?
4. விழிப்பு நிலை மாறியிருக்கிறதா? அளவுக்கு மீறிய பரபரப்பு, அல்லது மந்தம்?

முதல் இரண்டும் கட்டாயம். கூடவே மூன்றாவது அல்லது நான்காவது, ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நிரல் எழுதுபவர்களுக்கு இது ஒரு வரி 'இஃப்' கட்டளை. அவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் முப்பது வருஷம் கழித்தும் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான 4ஏடி என்ற இன்னொரு முறை இன்னும் வேகமானது, இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். வயது, பிறந்த தேதி, இப்போது இருக்கும் இடம், இது என்ன வருஷம் என்று நாலு கேள்வி. டிசம்பரில் தொடங்கி மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறார்கள். கடைசியாக, சமீபத்தில் திடீர் மாற்றம் ஏதும் உண்டா என்று பார்க்கிறார்கள். மொத்தம் 12 மதிப்பெண்ணில் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியமாக இருக்கலாம். விழிப்பு நிலை தெளிவாகக் கெட்டிருந்தாலோ, திடீர் மாற்றம் இருந்தாலோ, அந்த ஒன்றுக்கே 4 மதிப்பெண்.

நம் ஊர்ப் பாட்டிகளுக்குப் பிறந்த தேதி ஆதார் அட்டைக்குத்தான் தெரியும், அது வேறு விஷயம். வீட்டளவில் பார்க்க வேண்டுமென்றால் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லலாம்: ஞாயிறு, சனி, வெள்ளி என்று. போன வாரம் இதைச் சரளமாகச் சொல்லியிருக்கக்கூடியவர் இன்று வெள்ளிக்கிழமையோடு நின்று ஜன்னலைப் பார்க்கிறார் என்றால், அவருடைய ஞாபகத்தைவிடக் கவனம்தான் உடைந்திருக்கிறது. டெலிரியத்தின் மையம் கவனம்தான்.

டெமோவில் வராத பக்

மென்பொருள் வேலையில் எங்களை அதிகம் படுத்துவது எப்போதும் இருக்கும் பிழை கிடையாது. அப்பப்ப வந்து போகும் பிழைதான். வாடிக்கையாளர் பத்து தடவை பார்த்திருப்பார், நாம் போய் உட்கார்ந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். டெலிரியம் அந்த வகை. காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், இரவில் கலவரம், மறுநாள் மறுபடி தெளிவு.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ஒரு நோயாளியிடம் ஐந்து நிமிஷம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1440 நிமிஷம். ஏறி இறங்கும் ஒரு அலையை ஒரே ஒரு புள்ளியில், அதுவும் அது பெரும்பாலும் தெளிவாக இருக்கும் காலை வேளையில் அளக்கிறோம். அலை தட்டையாகத்தான் தெரியும். டாக்டரின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நர்ஸுகள் இன்னும் அதிக நேரம் பார்க்கிறார்கள். அவர்களாவது பிடிக்கிறார்களா? 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், 797 வயதான நோயாளிகளைப் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் வார்டு நர்ஸுகளும் தனித்தனியாக மதிப்பிட்டார்கள். டெலிரியம் இருப்பதாக ஆய்வாளர்கள் கண்ட தருணங்களில் 19 சதவீதத்தை மட்டுமே நர்ஸுகள் கண்டார்கள். ஆள் கணக்கில் பார்த்தால் 31 சதவீதம். எந்த நோயாளிகள் தவறிப்போனார்கள் என்பதையும் அந்த ஆய்வு சொன்னது: 80 வயதுக்கு மேற்பட்டவர்கள், பார்வை குறைந்தவர்கள், ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்கள், முக்கியமாக அமைதியாகப் படுத்திருந்தவர்கள்.

அந்தக் கடைசி வகையில்தான் ஆபத்து. டெலிரியம் மூன்று விதமாக வரும். கத்தி, குழாயைப் பிடுங்கி, எழுந்து ஓடுவது ஒன்று. பேசாமல், சாப்பிடாமல், கூப்பிட்டால் மெதுவாகக் கண் திறந்து மூடிக்கொள்வது இன்னொன்று. இரண்டும் மாறி மாறி வருவது மூன்றாவது. முதல் வகையை வார்டே கவனிக்கும். இரண்டாவது வகையை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் வயதானவர்களிடம் அதுதான் சாதாரணமாகக் காணப்படுவது. சாப்பிடாமல், அசையாமல் கிடப்பதால் படுக்கைப் புண், நிமோனியா என்று அடுத்தடுத்த சிக்கல்களும் சேர்ந்துகொள்கின்றன.

முன்னால் சொன்ன வீட்டுக் காரணம் இதுதான். என் பெரியப்பாவுக்கு 78 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் ரொம்ப அமைதியாகிவிட்டார். கேஸ் ஷீட்டில் நோயாளி நிம்மதியாகத் தூங்குகிறார் என்று இருந்தது. பெரியம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "காலைல ஆறு மணிக்குப் பேப்பர் வரலேன்னா தெருவே கேக்குற மாதிரி சத்தம் போடுறவரு சிஸ்டர். ரெண்டு நாளா பேப்பரே கேக்கல. இது இவரு இல்ல." ட்யூட்டி டாக்டர் வந்து கிழமை கேட்டார், பதில் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சோடியம் 119. இயல்பாக 135-இலிருந்து 145-க்குள் இருக்க வேண்டியது. யூரின் ட்யூபை எடுத்த பிறகு சிறுநீர் சரியாகப் பிரியாமல் வயிற்றில் தேங்கியும் இருந்தது. சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்கே கெடுதல் என்று சொல்லி மூன்று நாளில் மெதுவாக ஏற்றினார்கள். ஏழாம் நாள் காலை பெரியப்பா பேப்பர் கேட்டார்.

பெரியம்மா எட்டாம் வகுப்பு படித்தவர். சோடியம் என்றால் அவருக்குத் தெரியாது. ஆனால் ஐம்பது வருஷத்து வழக்கமான நிலை என்ன என்பது அந்தக் கட்டடத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எந்த அளவீட்டுக்கும் ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும். அது அவரிடம் இருந்தது. இதை மருத்துவமும் ஒத்துக்கொள்கிறது. டெலிரியம் இருக்கிறதா என்று சோதிக்க ஒற்றைக் கேள்வி முறை ஒன்று உண்டு. அந்தக் கேள்வியை நோயாளியிடம் கேட்பதில்லை. கூட இருப்பவரிடம்தான் கேட்கிறார்கள்: "இவர் சமீபமாக வழக்கத்தைவிடக் குழப்பமாக இருப்பதாக நினைக்கிறீர்களா?"

மறதி நோயிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

டிமென்ஷியா எனும் மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும். மறதி நோயின் ஆரம்பத்தில் கவனம் ஓரளவு நிற்கும், பழைய விஷயம் ஞாபகம் இருக்கும், புதியது நிற்காது. டெலிரியத்தில் ஒரு வாக்கியத்தை முழுதாகக் கேட்கும் கவனமே இருக்காது.

சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். மறதி நோய் உள்ளவருக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். "அவருக்கு ஏற்கெனவே ஞாபக மறதிதானே" என்று விட்டுவிடுவது அதனால்தான் ஆபத்து. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: போன வாரம் இப்படி இருந்தாரா? இல்லை என்றால் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது.

சாப்பிட மறுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் மனச்சோர்வு என்று நினைப்பதும் உண்டு. மனச்சோர்வு உள்ளவர் பேச விரும்ப மாட்டார், ஆனால் பேசினால் கோர்வையாக இருக்கும்.

எதைத் தேட வேண்டும்?

டெலிரியத்துக்குச் சிகிச்சை என்றால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். மருத்துவர்கள் தேடும் பட்டியல் சுருக்கமாக:

- தொற்று: சிறுநீரிலோ நுரையீரலிலோ. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம்.
- ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, ஆக்சிஜன் கூடுவது, குறைவது. நீர் வற்றுவது.
- வலி. சொல்லத் தெரியாதவர்களுக்கு வலி கலவரமாக வெளிப்படும்.
- சிறுநீர் தேங்குவது, மலச்சிக்கல். கேட்கச் சாதாரணம், காரணமாக இருப்பது அடிக்கடி.
- மருந்துகள். தூக்க மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மருந்துகள், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமைன் வகை, நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்சிபியூட்டினின்.
- தலையில் அடி. விழுந்து சில வாரம் கழித்தும் மூளை மேல் ரத்தம் கசிந்து தேங்கலாம்.
- தினமும் எடுத்த தூக்க மாத்திரை அல்லது மது திடீரென்று நின்றுபோவது.

கடைசியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தினமும் குடிப்பவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்கிறார். குடி நிற்கிறது. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, இல்லாத உருவங்கள் தெரிவது, கலவரம் எல்லாம் வரும். 1813-இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று பெயர் வைத்தார், நடுக்கத்தோடு வரும் டெலிரியம் என்று பொருள். இது உயிருக்கே ஆபத்தானது. மற்ற டெலிரியத்தில் தவிர்க்கச் சொல்லும் டயசிபாம் வகை மருந்துகள்தான் இதற்குச் சிகிச்சை, கூடவே பி1 வைட்டமின் ஊசி. அதனால் சேர்க்கும்போதே குடிப்பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். "மாப்பிள்ளை வீட்டார் இருக்காங்க, எப்படிச் சொல்றது" என்று மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், போதும்.

என்ன செய்யலாம்?

1999-இல் இனோயியின் குழு, அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டது. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு அதோடு சில கூடுதல் உதவிகள், பெரும்பாலும் தன்னார்வலர்கள் மூலமாக: இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று தினமும் பேச்சு, எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடியும் காது மெஷினும் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது. ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பால், மெல்லிய இசை, முதுகு தடவிக்கொடுப்பது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, இந்தக் கவனிப்பில் 9.9 சதவீதம் பேருக்கு. வந்த பிறகு அதன் கடுமையை இவை பெரிதாகக் குறைக்கவில்லை. ஆக, வருமுன் காப்பதில்தான் பலன்.

அங்கே தன்னார்வலர்களைத் தேடிப் பிடித்துச் செய்த காரியத்தை நம் ஊரில் அத்தையும் மருமகளும் காசில்லாமல் செய்துவிட முடியும். ஏற்கெனவே கட்டில் பக்கத்தில்தானே இருக்கிறார்கள்! தெரிந்து செய்தால் போதும்.

முதல் நாளே கண்ணாடி, பல் செட், காது மெஷின் மூன்றையும் பையில் வையுங்கள். தொலைந்துவிடும் என்று வீட்டில் விட்டுவருவதுதான் வழக்கம். சரியாகக் கேட்காத, சரியாகத் தெரியாத ஒருவருக்குப் புது இடம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கண்ணில் படும்படி ஒரு கடிகாரம், ஒரு தினசரி காலண்டர். பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், இரவில் டிவியை அணைத்து மங்கலான விளக்கு மட்டும் வையுங்கள். டாக்டர் அனுமதித்தால் தினமும் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு எட்டு நடக்கவைத்துக் கூட்டி வாருங்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தார், சிறுநீர், மலம் போனதா என்று கணக்கு வையுங்கள். யூரின் ட்யூப் இருந்தால், "இது இன்னும் தேவையா டாக்டர்?" என்று தினமும் ஒரு தடவை கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

குழப்பம் வந்துவிட்டால் வாதாடாதீர்கள். "அங்க யாரும் இல்லப்பா, எத்தன தடவ சொல்றது" என்பது வேலைக்கு ஆகாது. அவர் கண்ணுக்கு ஆள் தெரிகிறார். ஆமாம் போடவும் வேண்டாம். "பயமா இருக்காப்பா? நான் பக்கத்துலயே இருக்கேன். இது ஆஸ்பத்திரி. கால் ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும். பார்க்க வந்த பத்துப் பேரும் சேர்ந்து "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று வினாடி வினா நடத்த வேண்டாம்.

கட்டிப்போடுவது கடைசி வழி. கட்டினால் கலவரம் கூடும், காயமும் வரும். பக்கத்தில் ஒரு ஆள், தாழ்வான கட்டில், கண்ணில் படாதபடி துணி சுற்றி மறைத்த ட்ரிப்ஸ் குழாய் ஆகியவை பல நேரம் போதும்.

"ஒரு தூக்க ஊசி போட்டுடுங்க சிஸ்டர்" என்ற வேண்டுகோளும் சகஜம். ராத்திரி முழுக்கப் போராடியவரின் களைப்பு புரிகிறது. ஆனால் மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் டெலிரியத்தைக் குணப்படுத்துகின்றனவா என்று சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2018-இல் வெளியான ஐசியு ஆய்வில், 566 பேரிடம் இந்த மருந்துகளுக்கும் வெறும் உப்புநீருக்கும் டெலிரியத்தின் கால அளவில் வித்தியாசம் இல்லை. 2017-இல், தீராத நோயில் இருந்த 247 பேரிடம் நடந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்கு அறிகுறிகள் அதிகமாகவே இருந்தன. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு மருத்துவர் தருவார். அது அவர் முடிவு. பார்க்கின்சன் நோய் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு ஹாலோபெரிடால் கெடுதல்.

வீட்டில் இருப்பவருக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளி என்றால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, வலிப்பு, தலையில் அடி, எழுப்பினால் எழாத நிலை ஆகியவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரியான பிறகு

காரணம் சரியானதும் பலர் சில நாளில் தெளிந்துவிடுவார்கள். சிலருக்கு வாரங்கள், மாதங்கள் ஆகலாம். எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்புவதும் இல்லை. 2013-இல் வந்த ஓர் ஆய்வு, மூச்சுத் திணறலோ ரத்த அழுத்த வீழ்ச்சியோ ஏற்பட்டு ஐசியுவில் இருந்த 821 பேரைப் பின்தொடர்ந்தது. 74 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. எத்தனை நாள் அது நீடித்ததோ, அந்த அளவுக்கு ஒரு வருஷம் கழித்தும் ஞாபகமும் யோசிக்கும் திறனும் குறைந்திருந்தன. 'காலையில் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதன் விலை இதுதான். உயிர் பிழைப்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை.

இன்னொரு விஷயம். அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்று நினைக்கிறோம். 2002-இல் டெலிரியத்திலிருந்து மீண்ட 101 புற்றுநோயாளிகளைக் கேட்டபோது 54 பேருக்கு அந்த அனுபவம் ஞாபகம் இருந்தது. கண்டதெல்லாம் பயமாக இருந்திருக்கும், மகளைத் திட்டியது வெட்கமாக இருக்கும், வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று உள்ளேயே வைத்திருப்பார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, "உப்பு குறைஞ்சதால அப்படி ஆச்சுப்பா, நெறைய பேருக்கு வர்றதுதான், இப்ப சரியாயிடுச்சு" என்று சொன்னால் பெரிய பாரம் இறங்கும். கல்யாண வீட்டில் அதைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பதைத் தவிர்க்கலாம்.

பையில் ஒரு நோட்டு

அடுத்த முறை யாருக்காவது துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துப் போங்கள். முதல் பக்கத்தில் அவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று எழுதுங்கள்: யாரை அடையாளம் தெரியும், கணக்குப் பார்ப்பாரா, தனியாகக் குளிப்பாரா, காது எப்படி, எந்த மாத்திரை எத்தனை நாளாக எடுக்கிறார், குடி, புகையிலை உண்டா. அடுத்த பக்கங்களில் நேரம் போட்டு ஒரே ஒரு வரி. "இரவு 11:20, என்னைத் தன் தம்பி என்று கூப்பிட்டார்." "காலை 6, தெளிவு." "மதியம் 2, சோற்றை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார்."

ரவுண்ட்ஸ் வரும்போது "ராத்திரி ஒரு மாதிரி இருந்தாரு டாக்டர்" என்று மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். "முந்தாநாள் வரைக்கும் இப்படி இல்ல டாக்டர். நேத்து சாயங்காலத்துல இருந்து ஏறி ஏறி இறங்குது. கிழமை கேட்டா கவனம் நிக்கல. டெலிரியமா இருக்குமான்னு பாருங்க" என்று நோட்டை நீட்டுங்கள். நாலு கேள்வியில் முதல் இரண்டுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.